கப்பலேறிய முன்னோரைத் தேடுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்து சென்ற முன்னோரைப் பற்றி எங்கே, எப்படித் தேடுவது என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆந்திர எல்லையை ஒட்டிய நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வந்தவை. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ஊர்களில் பெரும்பகுதி அடங்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டம், தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு மிகுதியாக ஆட்களை அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. ஒரே வகையான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் இங்கே பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: ஐயா, நாங்கள் நகரியை அடுத்த ஏகாம்பரகுப்பத்தில் தறி வைத்துப் பிழைக்கும் குடும்பம். என் பாட்டனாரின் பெரியப்பா, தாது வருஷப் பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு நேட்டாலுக்குப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் தெரியும். அங்கிருந்து வந்த ஒரு புகைப்படம் இருக்கிறது. சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பித்தால் அவரைப் பற்றிய விவரம் கிடைக்குமா?

பதில்: எழும்பூரிலிருந்து தொடங்க வேண்டாம். இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் பலரும் அங்கேதான் முதலில் போகிறார்கள், சோர்ந்து திரும்புகிறார்கள். காரணம் எளியது. சென்னையில் ஆள் சேர்த்து அனுப்பும் ஏஜண்டின் கிடங்கில் ஆளைத் தங்கவைத்து, மருத்துவர் சோதித்து, குடியேற்றப் பாதுகாவலர் என்னும் அரசு அதிகாரி கையொப்பமிட்ட பிறகு தயாரான அனுமதிச் சீட்டு, ஆளுடனேயே கப்பலில் போய்விட்டது. டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் அந்த விவரங்களை அங்குள்ள அலுவலகம் தன் பேரேட்டில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு புதிய எண் கொடுத்தது. எழும்பூரில் இருப்பவை பெரும்பாலும் ஆண்டறிக்கைகள், அரசு ஆணைகள், கப்பல்வாரியான மொத்தக் கணக்குகள். தனி மனிதரின் பெயர் அவற்றில் தென்படுவது அரிது. ஆள் எங்கே இறங்கினாரோ அங்கேதான் அவருடைய காகிதம் இருக்கும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நேட்டாலைப் பொறுத்தவரை தங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சென்னையிலிருந்து 1860 அக்டோபர் 12 அன்று புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் அதே ஆண்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் அழியாமல் இருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன்பே டர்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றினார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தின் வழியாக அவை பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன.

கப்பல் பட்டியல் என்னும் அந்தப் பேரேட்டில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. முதலில் டர்பனில் கொடுத்த அந்த எண். பிறகு பெயர், தகப்பனார் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர். அதற்கடுத்து அங்க அடையாளம்: இடது கெண்டைக்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை என்பது போல ஒரு குறிப்பு. வேலைக்கு எடுத்த தோட்டத்தின் அல்லது முதலாளியின் பெயரும் வரும். இவற்றுள் மிக முக்கியமானது அந்த எண்தான். பின்னாளில் அவர் திருமணத்தைப் பதிந்திருந்தாலும், முதலாளி மீது புகார் கொடுத்திருந்தாலும், ஊருக்குத் திரும்பியிருந்தாலும், அங்கேயே இறந்திருந்தாலும், அந்தக் காகிதங்களில் எல்லாம் பெயரோடு அந்த எண்ணும் தொடர்ந்து வரும். பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கலாம், எண் மாறாது.

அதனால்தான் பெயரை வைத்துத் தேடலைத் தொடங்காதீர்கள் என்று சொல்கிறேன். முனுசாமி, சின்னசாமி, வீராசாமி போன்ற பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை எழுதிய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' என்று பதிவாகியிருப்பது சாதாரணம். முதலில் மாவட்டத்தை வட ஆற்காடு என்று வைத்து, பிறகு தாலுகாவைப் பார்த்து, அதற்குள் தகப்பனார் பெயரைத் தேடி, கடைசியாக அவர் பெயருக்கு வாருங்கள். அந்நாளில் நகரியும் புத்தூரும் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தவை. ஆகையால் தாலுகாவின் இடத்தில் கார்வேட்டிநகரம் என்று இருந்தாலும் அதைத் தள்ளிவிடக் கூடாது. வயதை நம்பாதீர்கள். கிடங்கில் பார்த்த மாத்திரத்தில் இருபது, இருபத்தைந்து என்று மதிப்பிட்டு எழுதிய வயது அது; முன்னும் பின்னும் ஐந்தாறு வருஷம் விட்டுப் பார்க்க வேண்டும். சாதி வேறாக இருந்தால்கூட உடனே ஒதுக்க வேண்டாம். கிடங்கில் சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. எழுத்தர் விளங்காமல் ஏதோ ஒன்றைப் போட்டதும் உண்டு.

காலத்தைக் குறுக்கவும் வழி இருக்கிறது. நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1866இல் நின்று 1874இல்தான் மீண்டும் தொடங்கியது. தாது வருஷம் 1876-77. எனவே 1877 முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளின் பட்டியல்களைப் பார்த்தால் போதும். வீட்டுப் பெரியவர்கள் வேறு ஏதாவது வருஷப் பெயரைச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். விரோதி என்றால் 1889-90, நந்தன என்றால் 1892-93. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால், சொல்கிறவர் எந்தச் சுற்றைச் சொல்கிறார் என்பதை அவருடைய வயதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1936-37ஆம் ஆண்டும் தாதுதான்.

ஊர், தகப்பனார் பெயர், காலம் ஆகிய மூன்றும் பொருந்தினால், அவரை ஏறக்குறையக் கண்டுபிடித்துவிட்டதாகக் கொள்ளலாம். அடுத்து அவர் அங்கே எப்படி வாழ்ந்தார் என்பது. நேட்டாலில் சொத்துடன் இறந்தவர்களின் வாரிசுக் கோப்புகள் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பல 'பேமிலிசர்ச்' என்னும் வம்சாவளி இணையதளத்தில் படங்களாகவே கிடைக்கின்றன. அந்தக் கோப்பிலுள்ள மரண அறிவிப்புத் தாளில் பிறந்த இடம், பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர்கள் வரிசையாகக் கேட்கப்பட்டிருக்கும். இறந்தவருடைய மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னதை வைத்து நிரப்பியது என்பதால் அதிலும் தவறு இருக்கலாம். ஆனால் பிள்ளைகளின் பெயர்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும். இந்தியர் குடியேற்ற அலுவலகத்தின் கோப்புகளும் அதே காப்பகத்தில் உள்ளன. 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி தம்மை அடித்த முதலாளியிடமிருந்து விடுபட இளம் வக்கீல் காந்தியிடம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவரைப் போல நேட்டாலிலிருந்த பாதுகாவலர் அலுவலகத்தின் படியேறிய பெயர் தெரியாத பலருடைய முறையீடுகள் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன.

தங்கள் புகைப்படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரை இருந்தால் அது எந்த ஊர் என்பது தெரியும். எந்தக் காலம் என்பதையும் ஓரளவு கணிக்கலாம். அட்டையில் ஒட்டிய படமாக இருந்தால் அட்டையைப் பிரிக்க வேண்டாம்.

சந்ததியாரைத் தேடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே தமிழர்களின் குடும்பப் பெயர் இரண்டு விதமாக நிலைத்தது. சில குடும்பங்களில் முதலில் போனவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. வேறு சில குடும்பங்களில் சாதிப் பட்டம் நின்றது, ஆனால் உருமாறி நின்றது: கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். தங்கள் பக்கத்து நெசவாளர் குடும்பங்களில் முதலியார் பட்டம் வழக்கம் என்பதால், மூட்லி என்ற பெயரையும் அவருடைய சொந்தப் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

கேள்வி: என் தாயாரின் பிறந்த ஊர் சத்தியவேடு. அவருடைய பாட்டனார் 'கப்பலேறிப் போனார்' என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு பெரியம்மா மொரீசு (மொரீஷியஸ்) என்கிறார். சித்தப்பா பினாங்கு என்கிறார். எந்த நாடு என்றே தெரியாமல் எப்படித் தேடுவது?

பதில்: அம்மா, தாங்கள் கேட்டிருப்பது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, ஆனால் வழியே இல்லாததன்று. போன ஆண்டு சுமாராகத் தெரிந்தால் பாதி நாடுகள் தாமாகவே விலகிவிடும். மொரீசுக்கு 1834 முதலே ஆட்கள் போனார்கள்; நூற்றாண்டின் பிற்பகுதியில் அது குறைந்தது. நேட்டால் 1860 முதல் 1911 வரை. பிஜித் தீவுக்கு முதல் கப்பல் 1879இல் போனது என்றாலும் அது கல்கத்தாவிலிருந்து போனது; சென்னையிலிருந்து பிஜிக்கு ஆள் ஏற்றியது 1903இல்தான் தொடங்கி 1916இல் முடிந்தது. எனவே தங்கள் கொள்ளுப்பாட்டனார் 1890இல் போனவர் என்றால் பிஜியை மறந்துவிடலாம்.

மலேயாவின் கதை வேறு. ஒப்பந்த முறை அங்கே 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் ஏராளமானோர் கங்காணி வழியாகப் போனார்கள். ஊரிலுள்ள சொந்தக்காரரான கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனவர்களுக்கு நேட்டால் பேரேட்டைப் போல ஆள்வாரியான விவரப் பதிவு கிடையாது. 1938இல் இந்திய அரசு அந்த வகைக் குடியேற்றத்தைத் தடை செய்தது. பினாங்கு என்று சித்தப்பா சொல்வது சரியானால், தாங்கள் தேட வேண்டியது கப்பல் பட்டியலை அன்று, தோட்டத்தின் பெயரை. பழைய கடித உறைகள், மணியார்டர் துண்டுகள், நிலப் பத்திரத்தில் 'தற்சமயம் இன்ன எஸ்டேட்டில் இருக்கும்' என்ற வாசகம் ஆகியவை எந்த ஆவணக் காப்பகத்தையும் விட உதவியாக இருக்கும்.

கப்பலின் பெயரை யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெயர் 'ரஜூலா' என்றால் மலேயா, சிங்கப்பூர் பக்கம். அந்தக் கப்பல் 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் பல தலைமுறைத் தமிழர்களை ஏற்றிச் சென்றது. 'உம்' என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயர் என்றால் நேட்டால் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். உம்லாசி, உம்வோட்டி, உம்சிண்டோ என்று நேட்டால் ஆறுகளின் பெயரைத் தன் நீராவிக் கப்பல்களுக்கு வைத்திருந்த ஒரு நிறுவனம், ஒப்பந்தக் காலத்தின் பிற்பாதியில் ஆட்களை ஏற்றிச் சென்றது. புதுச்சேரியிலோ காரைக்காலிலோ ஏறினார் என்று கேள்விப்பட்டிருந்தால் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளைப் பார்க்க வேண்டும்; அந்தப் போக்குவரத்து 1880களோடு நின்றுவிட்டது.

பெரியம்மா சொல்வது போல மொரீசு என்றால், மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேறிகளின் ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அங்கும் ஆளுக்கு ஓர் எண் உண்டு. அத்துடன் 1860களிலிருந்து குடியேறிகளைப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தீவின் தனிச்சிறப்பு. சத்தியவேட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: தங்கள் ஊர் 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த பகுதி. ஆகவே வட ஆற்காடு என்று மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம். செங்கல்பட்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

கேள்வி: டர்பனிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் ஊருக்கு வந்து, தங்கள் முன்னோரின் பதிவு நகலைக் காட்டியது. அதில் மாவட்டம் வட ஆற்காடு, தாலுகா சித்தூர் என்று தெளிவாக இருக்கிறது. ஊரின் பெயர் மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. நாங்களும் தெரிந்தவர்களை எல்லாம் கேட்டுவிட்டோம். எப்படிக் கண்டுபிடிப்பது? (சித்தூர் வாசகர்)

பதில்: முதலில் வந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வட ஆற்காடு என்று இருப்பதைப் பார்த்து வேலூரிலும் ஆற்காட்டிலும் அலைய வேண்டாம். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்த மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. நேட்டாலில் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டப் பெயரில் எழுதப்பட்ட ஊர்கள் இன்று இரண்டு மாநிலங்களில், பல மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. இந்த மாற்றங்களை அறியாமல் வருகிறவர்கள் கூகுள் வரைபடத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு 'அப்படி ஓர் ஊரே இல்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஊர்ப் பெயர் விளங்காததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, எழுத்துக் குழப்பம். சொன்னவர் தமிழர், கேட்ட எழுத்தர் வேறு மொழிக்காரராக இருந்திருக்கலாம், டர்பனில் அதைப் படியெடுத்தவர் வெள்ளைக்காரர். இத்தனை கை மாறிய பெயர் நேராக இருப்பதே அதிசயம். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்ட இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் இன்னும் நல்லது. கடைசிப் பகுதியை விட்டுவிட்டு முதல் இரண்டு அசைகளை மட்டும் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் எல்லைப்புறத்தில் ஒரே ஊருக்குத் தமிழில் 'பள்ளி' என்றும் தெலுங்கில் 'பல்லி' அல்லது 'பல்லே' என்றும், தமிழில் 'குப்பம்' என்றும் அதே ஊருக்கு வேறு வால் வைத்தும் வழங்குவது உண்டு. இரண்டு, அது வருவாய்க் கிராமத்தின் பெயராக இல்லாமல் அதற்குள் அடங்கிய ஒரு குப்பத்தின், காலனியின், ஏரிக்கரைக் குடியிருப்பின் பெயராக இருக்கலாம். அத்தகைய சிற்றூர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் வராது. ஊர்க் கணக்கிலும் ஓட்டர் பட்டியலிலும்தான் தலைகாட்டும். மூன்று, ஊரே மறைந்திருக்கலாம். பஞ்சத்தில் காலியாகி, பக்கத்து ஊரோடு கலந்து, நிலத்தின் பெயராக மட்டும் மிஞ்சிய ஊர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

ஊர் ஓரளவு தெரிந்தபின் நிலக் கணக்குக்கு வரலாம். ஆனால் அதில் அதிக எதிர்பார்ப்பு வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கூலிக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தப் பட்டா இருந்திருக்காது. இருந்தாலும் ஜமீன் கிராமங்களில் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான், உழவரிடமிருந்து அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையில் முழுமையான நிலக்கணக்கு எழுந்தது. அந்தக் கணக்கிலிருந்து முன்னோரைக் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய தம்பி, தம்பி மக்கள் வழியினர் ஊரில் யார் என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியும். தாசில்தார் அலுவலகத்தில் ஆர்.எஸ்.ஆர். என்னும் நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைக் கேட்டு, பட்டாதாரர்களின் தகப்பனார் பெயர்களைப் பார்த்துப் பொருந்துகிற வீடுகளுக்குப் போங்கள். பழைய கர்ணம் குடும்பத்தார் ஊரிலேயே இருந்தால் அவர்களையும் பார்க்கலாம். ஆந்திரத்தில் 1984இல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டபோது எல்லாக் காகிதமும் அரசுக்குப் போய்ச் சேரவில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

சார் பதிவாளர் அலுவலகத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டபோது, ஊரில் இல்லாத சகோதரனின் பங்கைப் பற்றி ஏதாவது ஒரு வரி எழுதியாக வேண்டியிருந்தது. 'நேட்டால் சென்று தகவல் இல்லாத' என்ற ஒரு வாசகம் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிடைத்தால் அது போதும்; மற்ற எதுவும் தேவைப்படாது. பழைய பத்திரம் தெலுங்கில் இருந்தால், அந்தக் காலத்துக் கைப்பழக்கத்தைப் படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் எதுவுமே கிடைக்காவிட்டால் வழிபாட்டைக் கேளுங்கள். சித்தூர், புத்தூர் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசியில் தீ மிதிப்பார்கள். இங்கிருந்து போனவர்கள் நேட்டாலிலும் திரௌபதி அம்மனுக்குக் கோயில் கட்டித் தீ மிதித்தார்கள், இன்றும் மிதிக்கிறார்கள். டர்பன் குடும்பம் தங்கள் வீட்டுக் குலதெய்வத்தின் பெயரையும், அதற்கு என்ன படைக்கிறார்கள், எந்த மாதத்தில் படைக்கிறார்கள் என்பதையும் சொன்னால், ஊர்ப் பெரியவர்கள் 'அது இன்ன ஊர்க்காரர்களின் சாமி' என்று அடையாளம் காட்ட வாய்ப்பு உண்டு.

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் முன்னோரின் பதிவு என்று உறவினர் ஒருவர் அனுப்பிய தாளில் 'சித்தூர்' என்று இருக்கிறது. எங்கள் தாலுகாவும் சித்தூர்தான். இது எங்கள் ஆள்தானா?

பதில்: தாலுகாவைத் தாண்டி மாவட்டக் கலத்தைப் பாருங்கள். தங்கள் சித்தூர் அப்போது கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சுற்றியிருந்த பாலக்காடு பகுதியோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். மாவட்டம் கொச்சி என்றோ மலபார் என்றோ இருந்தால் தங்கள் ஆளாக இருக்கலாம். வட ஆற்காடு என்று இருந்தால் அவர் ஆந்திரத்துச் சித்தூர்க்காரர்; பெயரும் தகப்பனார் பெயரும் எத்தனை ஒத்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் அம்மாவின் பாட்டி, கைக்குழந்தையோடு தனியாக நேட்டாலுக்குப் போனார் என்று தெரியவந்திருக்கிறது. வீட்டில் அதைப் பற்றிப் பேசினாலே பெரியவர்கள் தடுத்துவிடுகிறார்கள். தனியாகப் போன பெண்ணைப் பற்றிய பதிவு இருக்குமா? (புத்தூர் வாசகி)

பதில்: கட்டாயம் இருக்கும், அம்மா. ஆண்களுக்கு என்னென்ன விவரங்கள் எழுதினார்களோ அவை எல்லாம் பெண்களுக்கும் எழுதினார்கள். கைக்குழந்தைக்கும் தனி எண் உண்டு, பெரும்பாலும் தாயின் எண்ணுக்கு அடுத்த எண்ணாக. தாங்கள் இரண்டையும் ஒன்றாகத் தேடினால் வேறு யாரோடும் குழம்ப வாய்ப்புக் குறைவு.

பெரியவர்களின் தயக்கத்தைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதியைச் சொல்லலாம். கப்பலில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்பது பிற்காலத்தில் சட்டமாகவே இருந்தது. அந்தக் கணக்கு நிறைவேறாமல் கப்பல் புறப்படக் கூடாது என்பதால், ஆள் சேர்ப்பவர்கள் பெண்களைத் தேடிப் பிடித்தார்கள். கணவனை இழந்தவர்கள், பஞ்சத்தில் வீட்டை இழந்தவர்கள், மாமியார் வீட்டைவிட்டு வெளியேறியவர்கள், கணவன் முன்பே போய்விட்டதால் பின்னால் போனவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். தனியாகப் போனார் என்பதை வைத்து எதையும் முடிவு கட்டுவதற்கு இடமில்லை. ஏமாற்றிக் கூட்டிப் போனார்கள் என்று எல்லாக் குடும்பங்களிலும் ஒரு கதை சொல்கிறார்கள்; சில இடங்களில் அது முழு உண்மை. ஆனால் சம்பளம், காலம் எல்லாம் தெரிந்தே கைரேகை வைத்தவர்களும் உண்டு. தங்கள் கொள்ளுப்பாட்டி எந்த வகை என்பதைப் பேரேட்டின் ஒரு வரி சொல்லாது.

அவர் அங்கே மறுமணம் செய்திருந்தால் அது பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. அதில் இருவருடைய எண்களும் இருக்கும். அதிலிருந்து குழந்தை எந்தக் குடும்பப் பெயரில் வளர்ந்தது என்பது தெரியும். மாற்றாந்தந்தையின் பெயரையே குழந்தை ஏற்றிருந்தால், தங்கள் உறவினர்கள் இன்று முற்றிலும் வேறு பெயரில் இருப்பார்கள்.

கேள்வி: எங்கள் பாட்டனார் போனவர் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், வேறு சிலர், அங்கேயே இறந்தார் என்கிறார்கள். திரும்பி வந்தவர்களின் பட்டியல் உண்டா? (திருத்தணி வாசகர்)

பதில்: நேட்டால் பேரேட்டிலேயே அவருடைய வரிக்கு எதிரே, திரும்பிய கப்பலின் பெயரோ தேதியோ குறிக்கப்பட்டிருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். போன ஆண்டு தெரிந்தால் திரும்பும் ஆண்டையும் ஊகிக்கலாம். ஆரம்பக் காலத்தில் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தையும் அதற்கு மேல் ஐந்து ஆண்டுகளையும் முடித்தவருக்கே இலவசப் பயணம் கிடைத்தது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் நிலைமையை மாற்றியது: அதன்பின் வந்து ஒப்பந்தம் முடித்தவர் மறுபடியும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும், அல்லது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். அன்றைக்கு அது 45 ரூபாய். மாதம் 10 ஷில்லிங்கில், அதாவது அரைப் பவுண்டில், வேலையைத் தொடங்கியவருக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்பதைத் தாங்களே கணக்கிடலாம். பிறகு அந்த வரி பதினாறு வயதான ஆண் பிள்ளைகளுக்கும் பதின்மூன்று வயதான பெண் பிள்ளைகளுக்கும் நீட்டப்பட்டது. இந்தியத் தொழிலாளரின் 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914இல்தான் ஒழிந்தது. தங்கள் பாட்டனார் 1895க்குப் பிறகு போனவர் என்றால், வரிக்குப் பயந்து ஐந்தாறு ஆண்டிலேயே திரும்பியிருக்கக்கூடும். திரும்பியவர் ஊருக்கே வந்தார் என்றும் கொள்ள வேண்டாம். சாதிக்காரர்கள் சேர்த்துக்கொள்ளாததால் சென்னையிலேயே தங்கியவர்களும், மறுபடியும் கப்பலேறியவர்களும் இருந்தார்கள். இரண்டாம் முறை போனவருக்கு இரண்டாவது எண் ஒன்று கிடைத்திருக்கும்.

கேள்வி: வம்சாவளி தேடித் தருகிறோம் என்று ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா? (பலமநேர் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கப்பல் பட்டியலைத் தாங்களே பார்க்க முடியும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். பீட்டர்மரிட்ஸ்பர்க் காப்பகத்தில் நேரில் உட்கார்ந்து கோப்பெடுக்க வேண்டிய கட்டம் வரும்போது, அங்குள்ள ஒருவருக்குக் கூலி கொடுப்பது நியாயம். அப்போதும் முன்னோரின் பேரேட்டு எண், கோப்பின் எண், பக்கத்தின் படம் ஆகிய மூன்றையும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டால் மட்டும் பணம் அனுப்புங்கள். மூலத்தின் படம் இல்லாமல் அழகாக அச்சடித்த வம்சாவளி மரம் மட்டும் தருகிறவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.